அரை மார்க்

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரைக்குத் தொடங்கும்.
பாம்பன் ஐஸ் கம்பெனியில்
கம்ப்ரஸர் இரைச்சலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
டீசல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
நாலு கட்டம் போடுவேன்.
கேள்வி கேட்பவனுக்குக் கட்டம் கிடையாது.

கீழக்கரை சீனி பாத்திமா,
வங்கியில் பகலெல்லாம் அடுத்தவர் நகையை உரசிப் பார்ப்பவள்.
மூக்கையூர் ரெஜினாள், நைட் டூட்டி நர்ஸ்.
தங்கச்சிமடம் கிளாட்வின், வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவன்.
தனுஷ்கோடிக்கும் அப்பால் கம்பிப்பாட்டில் நம்புராஜன்,
மீன் பொரித்து விற்றுவிட்டுச்
சோலார் பலகை மிச்சம் வைத்த சார்ஜில்
விடை சொல்பவன்.
போனில் குரல்தான் எல்லோரும்.
கிளாட்வினை மட்டும் ஒருமுறை பெட்ரோல் பங்கில்
இருமலை வைத்துக் கண்டுபிடித்தேன்.

அந்தப் பழைய படத்தில்
வில்லன் வந்து இறங்கும் காரின் நம்பர் என்ன?
கேட்டு முடிப்பதற்குள் கிளாட்வின் சொல்லிவிட்டான்.
"இடைவேளைக்கப்புறம் அதே காருக்கு வேற நம்பர் அண்ணே,
எவனும் கவனிக்கல."

கடலட்டை எந்த வழியாக மூச்சு விடும்?
நாலு போனிலும் அமைதி.
தெரியாததால் அல்ல. எல்லோருக்கும் தெரியும்.
"பின்பக்கமா," என்றாள் ரெஜினாள்,
ஊசி எங்கே போடுவது என்று சொல்லும் குரலில்.

வெள்ளிக் கிரகத்தில்
நாள் பெரிதா, வருடம் பெரிதா?
நம்பு தப்பாகச் சொன்னான்.
நாள்தான் பெரிது, ஒரு சுற்றுச் சுற்ற
வருடத்தைவிட அதிகம் ஆகும் என்றதும்
கொஞ்ச நேரம் பேசவே இல்லை.
பின்னால் அலைச் சத்தம் கேட்டது.
எந்தப் பக்கத்துக் கடல் என்று தெரியவில்லை.

கடைசியில் பாத்திமா பதினொன்று, நம்பு பதினொன்று.
முடிவுக் கேள்வி:
நிலா நம்மை விட்டு
வருடத்துக்கு எவ்வளவு விலகுகிறது?

"மூணு புள்ளி எட்டு சென்டிமீட்டர்" என்றாள் பாத்திமா.
நாலு நொடி.
"மூணு புள்ளி எட்..." என்று நம்பு வந்தான்,
அறுந்தான்.

திரும்ப அழைத்தபோது கத்தினான்:
"நான்தான் முதல்ல சொன்னேன்!
பாதியில இலங்கை டவர் இழுத்துக்கிச்சு.
வரவேற்கிறோம்னு மெசேஜ் வேற."
இருந்த இடத்தை விட்டு அசையாமல்
நாடு மாறியிருந்தான்.
அவன் விடை தலைமன்னார்ப் பக்கம் கரையேறி
எங்கெங்கோ சுற்றி
என் நோட்டுக்கு வந்திருக்கிறது.
முப்பது கிலோமீட்டரை
ஒரு குரல் நாலு நொடியில் கடப்பது
நாங்கள் படித்த எந்த விஞ்ஞானத்திலும் இல்லை.

அவன் வாயிலிருந்து எப்போது கிளம்பியது என்பதா,
என் காதுக்கு எப்போது வந்தது என்பதா கணக்கு?
கிளாட்வின் ஆளுக்குப் பாதி என்றான்.
ரெஜினாள் ஒரு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டாள்.
நான் அரை மார்க் என்று எழுதினேன்.

"அடிங்க அதை," என்றாள் பாத்திமா.
"தங்கம்னா தங்கம், கவரிங்னா கவரிங்.
பாவம் பார்த்து எடை போட்டா
என் வேலை போயிடும்."

அடித்தேன்.
பரிசு நூற்றைம்பது ரூபாய் ரீசார்ஜ், அவளுக்கே.
நம்புவுக்கு டவர் மாறியதில்
முப்பத்தெட்டு ரூபாய் நஷ்டம்.
அதை யாரிடம் கேட்பது என்று கேட்டான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
அந்தக் கேள்விக்கு மட்டும் எல்லோரும் தோற்றோம்.

ஒன்றரை மணிக்கு முதல் வரிசை ஐஸ் கேனைத்
தொட்டியிலிருந்து தூக்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.
கட்டி கழன்று விழுந்து வழுக்கிப் போகும்
அந்தச் சத்தத்துக்கு நடுவில்
போன் மினுங்கியது. நம்பு.

"அண்ணே,
வெள்ளி கிரகத்துல
போட்டி இன்னும் முடியல."

ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு
பதில் தட்ட ஆரம்பித்தேன்.
அவன் இப்போது எந்த நாட்டில் இருக்கிறானோ.